அம்மாவுக்கு முட்டையா, பவுடரா, சுண்டலா? தசை கரையும் வயதில் ஒரு புரதக் கணக்கு

போன தை மாதம் அம்மாவைக் கைப்பிடித்து ஆட்டோவில் ஏற்றும்போதுதான் கவனித்தேன். மணிக்கட்டில் நிற்க வேண்டிய வளையல் கையைத் தூக்கினால் முழங்கை வரை ஓடுகிறது. எடை பெரிதாகக் குறையவில்லை, வயிறு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கையும் தொடையும் வற்றிப்போய், தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைத் தேடுகிறார். வயது 71, எடை 52 கிலோ.

உடனே ஆளாளுக்கு ஒரு யோசனை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார்கள். ஜிம்முக்குப் போகும் தம்பி மகன், "வே புரோட்டீன் வாங்குங்க அத்தை, மத்ததெல்லாம் வேஸ்ட்" என்றான். பக்கத்து வீட்டு அக்கா ஆட்டுக்கால் சூப் என்றார். அம்மா மட்டும், "வயசானா அப்படித்தான்டி, சும்மா காசைக் கரியாக்காத" என்று முடித்துவிட்டார். இதே குழப்பத்தில் இருக்கும் தோழிகள் எனக்கே நாலைந்து பேர் உண்டு என்பதால், நான் போட்ட கணக்கை அப்படியே எழுதிவைக்கிறேன்.

முதலில், இது அதுதானா?

வயதாக ஆகத் தசையும் அதன் வலுவும் குறைவதற்கு சார்கோபீனியா என்று பெயர். 1989-இல் இர்வின் ரோசன்பெர்க் வைத்த பெயர். கிரேக்க மொழியில் சதை, குறைவு என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. வயதானால் எல்லோருக்கும் கொஞ்சம் குறையும், அது சரி. அது எந்த அளவுக்குப் போனால் கவலைப்பட வேண்டும் என்பதற்கு ஆசிய நாடுகளின் மருத்துவக் குழு 2019-இல் சில அளவுகோல்கள் கொடுத்தது. அதில் இரண்டை வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

கை வைக்காத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், போனில் நேரம் பாருங்கள், நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் சந்தேகப்பட இடம் இருக்கிறது. அம்மாவுக்கு 17 ஆனது, நாலாவது தடவை கை தானாகவே முழங்காலுக்குப் போய்விட்டது. இன்னொன்று, தையல் டேப்பால் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி அளப்பது. பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் கீழே, ஆண்களுக்கு 34-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். காலில் நீர் கோத்து வீங்கியிருந்தால் இந்த அளவு ஏமாற்றும்.

மூன்று நாலு மாதத்தில் சட்டென்று எடை இறங்கினால் அது வேறு விஷயம். சர்க்கரை, தைராய்டு, இன்னும் பெரிய காரணங்கள் எதுவாகவும் இருக்கலாம். அப்போது முட்டைக் கணக்கு போட்டுக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

எதை வைத்து ஒப்பிடுவது

நான் பார்த்தது ஐந்து விஷயம்: ஒரு வேளைக்கு எவ்வளவு புரதம் தேறுகிறது, 25 கிராம் புரதத்துக்கு என்ன செலவு, பல் இல்லாமல் சாப்பிட முடியுமா, வயிறும் மற்ற மாத்திரைகளும் ஒத்துக்கொள்கின்றனவா, ஆறு மாதம் கழித்தும் இது வீட்டில் ஓடுமா. கடைசிக் கேள்விதான் பெரும்பாலான டப்பாக்களைக் கவிழ்த்துவிடுகிறது. எங்கள் உறவில் எந்த வீட்டு ஷெல்ஃபைத் திறந்தாலும் பாதி தீர்ந்து கட்டிதட்டிப்போன டப்பா ஒன்று இருக்கும்.

"ஒரு வேளைக்கு" என்று ஏன் சொல்கிறேன் என்றால், வயதான தசைக்குக் காது கொஞ்சம் மந்தம். இளவயதில் ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்குக் கால் கிராம் புரதம் வந்தாலே தசை கட்டும் வேலை முழுவீச்சில் நடக்கும். எழுபதில் அதே வேலைக்கு ஏறக்குறைய 0.4 கிராம் தேவைப்படுகிறது. 52 கிலோ அம்மாவுக்கு வேளைக்கு 20 கிராம் சொச்சம். நாள் முழுக்க மூன்று மூன்று கிராமாகத் தூவினால் மொத்தக் கணக்கு சரியாக வந்தாலும் அந்த மந்தக் காதுக்கு எட்டுவது குறைவு.

மொத்த அளவைப் பார்த்தால், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் சொன்னது கிலோவுக்கு 0.83 கிராம். அது பெரியவர்கள் எல்லோருக்குமான பொது அளவு. 65 தாண்டியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம், நோயிலிருந்து தேறுபவர்களுக்கு 1.2 முதல் 1.5 என்று 2013-இல் ஒரு பன்னாட்டு நிபுணர் குழு பரிந்துரைத்தது. அம்மாவுக்கு 52-லிருந்து 62 கிராம் என்று வைத்துக்கொண்டேன்.

தட்டில் இருப்பது என்ன

பவுடரா முட்டையா என்று சண்டை போடுவதற்கு முன்னால் மூன்று நாள் அம்மா சாப்பிட்டதை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். காலையில் காபி, அதில் பால் அரை டம்ளர், 3 கிராம். மூன்று இட்லியும் தேங்காய்ச் சட்னியும், 7 கிராம். மதியம் இரண்டு கரண்டி சோறு, சாம்பார், பொரியல், கொஞ்சம் தயிர் எல்லாம் சேர்த்து 12, 13. சாயங்காலம் காபியும் இரண்டு பிஸ்கட்டும், 4. ராத்திரி இரண்டு தோசை, சட்னி, 6. கூட்டினால் 32, 33 தாண்டவில்லை.

சாம்பார் விஷயத்தில் நானே ஏமாந்திருந்தேன். தினமும் பருப்பு போட்டுத்தானே சமைக்கிறோம் என்ற நினைப்பு. நாலு பேர் வீட்டில் ஒரு நாள் சாம்பாருக்குப் போடுவது 100 கிராம் துவரம்பருப்பு, அதில் புரதம் 22 கிராம். நாலு பேருக்குப் பங்கு போட்டு, குழம்பின் மேலாக்கத் தெளிவை மட்டும் ஊற்றிக்கொள்ளும் அம்மாவுக்கு வந்தது 3 கிராம்.

ஆக, குறை 25 கிராம் சொச்சம். அதைவிட முக்கியமாக, அந்தக் குறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காலையிலும் ராத்திரியிலும். மதியச் சாப்பாடு எப்படியோ தேறிவிடுகிறது, இரண்டு டிபன் வேளையும்தான் காலி. இனி எந்தப் பொருளை எடுத்தாலும் "இது அம்மாவின் காலை ஏழு கிராமை இருபதாக்குமா" என்று மட்டும்தான் கேட்டேன்.

முட்டை

ஒரு முட்டை 6 கிராம். இரண்டு அவித்த முட்டையை மூன்று இட்லியோடு வைத்தால் காலை வேளை ஏறக்குறைய 20-ஐத் தொட்டுவிடுகிறது. மெல்லும் வேலை இல்லை, தரமான புரதம், விலை ஐந்திலிருந்து ஏழு ரூபாய். இதற்கு மேல் ஒரு பொருளிடம் என்ன எதிர்பார்க்க முடியும்.

மஞ்சள் கருவைத் தூக்கிப் போடும் பழக்கம் மட்டும் எனக்குப் புரிவதில்லை. புரதத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் அதில்தான் போகிறது. பெரும்பாலானோருக்குத் தினம் ஒரு முழு முட்டை பிரச்சினை இல்லை. கொழுப்பு அதிகமாக இருந்து மாத்திரை எடுப்பவர்கள் ஒரு முழு முட்டை, ஒரு வெள்ளைக்கரு என்று டாக்டரைக் கேட்டுப் பிரித்துக்கொள்ளலாம். நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து வாயில் விடும் வைத்தியமும் வேண்டாம். வேகாத முட்டையின் புரதத்தில் உடம்பு எடுத்துக்கொள்வது பாதிதான், வெந்ததில் தொண்ணூறு சதவீதம். போதாததற்கு நாட்டு முட்டை சிறியது, விலை இரண்டு மடங்கு.

மறைந்திருக்கும் செலவு காலண்டரில் இருக்கிறது. செவ்வாய், வெள்ளி, சனி கிடையாது. அமாவாசை, கிருத்திகை கிடையாது. புரட்டாசி முழுக்கக் கிடையாது. வீட்டில் யாராவது ஐயப்பனுக்கு மாலை போட்டால் அடுப்படிக்குள்ளேயே வராது. எங்கள் வீட்டு வழக்கத்தில் எண்ணிப் பார்த்தேன், வருடத்தில் சரிபாதி நாள்கூடத் தேறவில்லை. ஆகவே முட்டையை நம்பும் வீட்டில் இன்னொரு வழியும் கைவசம் இருந்தே ஆக வேண்டும்.

மீன், கோழி

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு இதில் விவாதமே இல்லை. நல்ல மீன் துண்டுகள் 100 கிராமில் 18, 20 கிராம் புரதம். மத்தி வாங்கினால் விலையும் குறைவு, கூடவே வைட்டமின் டி-யும் கொஞ்சம். கோழியை மெல்ல முடியாதவர்களுக்குக் கொத்துக்கறியாக்கிக் கொடுக்கலாம். ஆனால் நம் வீடுகளில் இது ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம், அதுவும் மதிய வேளைக்கு. காலியாக இருக்கும் காலை வேளைக்கு இது உதவாது. கருவாட்டில் புரதம் கொட்டிக் கிடக்கிறது, உப்பும் அதே அளவு கொட்டிக் கிடக்கிறது. பிரஷர் மாத்திரை போடுபவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பால், தயிர், பால் பவுடர்

200 மி.லி. டம்ளர் பாலில் 6 முதல் 7 கிராம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 25 கிராம் பாலிலிருந்தே வர வேண்டும் என்றால் முக்கால் லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். எழுபது வயதில் யார் குடிப்பார்கள்? ஒரு டம்ளர் குடித்தாலே "வயிறு திம்முன்னு இருக்கு" என்று இட்லியில் ஒன்றைக் குறைத்துவிடுகிறார்கள். பனீர் நல்லது, 50 கிராமில் 9 கிராம், மென்மையாகவும் இருக்கும். கொஞ்சம் விலை.

இதில் யாரும் கண்டுகொள்ளாத பொருள் ஒன்று உண்டு: கொழுப்பு நீக்கிய பால் பவுடர். 100 கிராமில் 35 கிராம் புரதம். 15 கிராம் பவுடரை, அதாவது இரண்டு குவித்த ஸ்பூனை, ஒரு டம்ளர் பாலிலோ கஞ்சியிலோ கரைத்தால் அளவு கூடாமலே 5 கிராம் ஏறிவிடும், செலவு ஏழெட்டு ரூபாய். அம்மாவின் ராத்திரிப் பாலில் நான் சேர்ப்பது இதைத்தான். வாங்கும்போது டெய்ரி ஒயிட்னரை எடுத்துவிடாதீர்கள். அதில் சர்க்கரை சேர்ந்திருக்கும், புரதம் குறைவு. பவுடரில் பாதிக்கு மேல் பால் சர்க்கரை என்பதால் பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வயிறு உப்பும். அவர்களுக்குத் தயிர் மேல்.

தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் பாலையும் காபியையும் அதோடு சேர்க்கக் கூடாது. எழுந்ததும் தைராய்டு மாத்திரை, அடுத்த நிமிடம் காபி என்பது எத்தனை வீட்டில் நடக்கிறது!

பருப்பு, சுண்டல், பொட்டுக்கடலை, சோயா

மலிவு என்று பார்த்தால் இதை அடிக்க ஆள் இல்லை. 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்தால் ஒரு கிண்ணம் சுண்டல், 9, 10 கிராம் புரதம். சோயா உருண்டையில் எடையில் பாதி புரதம். 30 கிராமில் 15 கிராம், செலவு பத்து ரூபாய்க்குள்.

பருப்பில் ஒரு குறை சொல்வார்கள், அதன் புரதம் முழுமையானது இல்லை, தசையைத் தட்டி எழுப்பும் லியூசின் என்ற அமினோ அமிலமும் பாலில் உள்ள அளவுக்கு இல்லை என்று. சரிதான். ஆனால் பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது, அரிசியில் குறைவது பருப்பில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து அரைத்து ஒரு பலகாரமே நம்மிடம் இருக்கிறதே, அடை. அரிசிக்குச் சரிக்குச் சரியோ அதற்கு மேலோ பருப்பு போட்டு அரைத்தால் இரண்டு அடையில் 15 கிராமை நெருங்கிவிடலாம். இரண்டு தோசையில் ஐந்துதான். அம்மாவுக்காக ஓரத்தை மொறுமொறுப்பாக்காமல் மூடிபோட்டு மெத்தென்று எடுக்கிறேன். வெண்பொங்கலிலும் பாசிப்பருப்பைத் தாராளமாகப் போட்டால் அது வெறும் தூக்க மருந்தாக இருக்காது.

பல் இல்லாதவர்களுக்குப் பொட்டுக்கடலை மாவு. மிக்சியில் பொடித்துச் சலித்து வைத்தால் கஞ்சியிலோ மோரிலோ 30 கிராம் கலந்துவிடலாம், 6 கிராமுக்கு மேல் புரதம், அடுப்பே வேண்டாம்.

இந்த வரிசையில் சத்துமாவையும் எதிர்பார்ப்பீர்கள். சத்துமாவு நல்ல காலை உணவு, மறுக்கவில்லை, ஆனால் அதில் பெரும்பங்கு தானியம். 30 கிராம் மாவுக் கஞ்சியில் 4 கிராம் புரதம் வந்தால் பெரிது. "தினமும் சத்துமாவு குடிக்கிறாங்களே" என்பது பதில் ஆகாது.

இங்கே மறைமுகச் செலவு வாயு. சுண்டல் சாப்பிட்ட ராத்திரி அம்மா நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, இஞ்சியும் பெருங்காயமும் போட்டு, அரைக் கிண்ணத்தில் தொடங்கியபின் சரியாயிற்று. சுண்டலைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தள்ளாதீர்கள். இன்னொரு செலவு, இதையெல்லாம் ஊறவைத்து அரைக்க ஓர் ஆள் வேண்டும். தனியாக இருக்கும் பெரியவரிடம் போனில் "அடை சுட்டுச் சாப்பிடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு வைப்பது நடக்கிற காரியமில்லை. சோயாவும் தைராய்டு மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், அதற்கும் சில மணி நேர இடைவெளி வேண்டும்.

மெடிக்கல் ஷாப் டப்பா

வெள்ளை முடி ஜோடி ஒன்று சிரித்துக்கொண்டிருக்கும் டப்பா. அவர்கள் நீட்டியதைத் திருப்பிப் பின்பக்க அட்டவணையைப் படித்தேன். ஒரு வேளைக்குச் சொன்ன அளவில் புரதம் ஒன்றரை முட்டைக்குச் சமம், மீதி மால்ட்டோடெக்ஸ்ட்ரினும் (மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் தூள்) சர்க்கரையும் வாசனையும். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் சர்க்கரைக் கணக்கில் வராது, அதனால் வேறு சர்க்கரை போடாத டப்பாக்களின் முன்பக்கத்தில் "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று அச்சிட்டுக்கொள்கிறார்கள். ரத்தத்தில் ஏறுவதென்னவோ சர்க்கரை மாதிரியேதான். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இப்படிப்பட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் காட்டாதீர்கள் என்று ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது நினைவிருக்கலாம்.

எல்லா டப்பாவும் ஒன்றில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாவும் புரதமும் கொழுப்பும் கலந்து சரிவிகிதமாகச் செய்யப்பட்ட மருத்துவ உணவுகள் உண்டு. சாப்பாடே இறங்காதவர், குழாய் வழியாக உணவு எடுப்பவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் எடை கரைபவர், இவர்களுக்குக் கலோரியும் வேண்டும், அந்த இடத்தில் அது சரியான பொருள். நன்றாக மூன்று வேளை இட்லி தோசை சாப்பிடும் அம்மாவுக்கு மாவுச்சத்து ஏற்கெனவே வழிகிறது. அவருக்கு இது மேலும் மாவு.

வே பவுடர்

ஜிம் பையன்கள் சமாச்சாரம் என்று நான் ஒதுக்கியிருந்தது, கணக்குப் போட்டபோது எதிர்பாராத மதிப்பெண் வாங்கியது. பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் நீரிலிருந்து எடுப்பது. ஒரு ஸ்கூப்பில் 24, 25 கிராம் புரதம், சீக்கிரம் செரிக்கும், லியூசின் அதிகம். மெல்ல வேண்டாம், ஒரு டம்ளரில் முடிந்தது. ஒரு வேளைக்கு 20 கிராம் என்ற இலக்கை ஒரே மூச்சில் தாண்டும் பொருள் இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான்.

விலை ஒரு ஸ்கூப்புக்கு 70-லிருந்து 120 ரூபாய். தினம் ஒன்று என்றால் மாதம் இரண்டாயிரத்துக்கு மேல், பென்ஷனில் வாழும் வீட்டில் இது சின்னத் தொகை இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் நம்பிக்கை. இந்தியாவில் விற்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்து 2024-இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 70 சதவீதத்தில் லேபிளில் போட்டதும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை; சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. அதே ஆண்டு மே மாதம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் புரதப் பவுடர் வேண்டாம், உணவிலிருந்தே எடுங்கள் என்றுதான் சொல்கிறது. உடம்பு ஏற்றத் தேவையில்லாமல் குடிப்பவர்களுக்கு அது நியாயமான அறிவுரை. சாப்பிடவே முடியாத முதியவருக்கு அதை அப்படியே பொருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏனென்றால் படுக்கை தசையை அவ்வளவு வேகமாகத் தின்கிறது. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007-இல் வந்தது. பத்தே நாளில் கால்களில் மட்டும் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தசை போயிருந்தது. இடுப்பு எலும்பு ஆபரேஷன், நிமோனியா, டெங்கு என்று படுத்து எழுந்தவர் ரசம் சாதத்தோடு "போதும்" என்று கையைக் கழுவும்போது, டாக்டரைக் கேட்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு வே கொடுப்பது செலவுக்குத் தகுந்த வேலைதான். அப்போதும் அரை ஸ்கூப்பில் தொடங்குங்கள், சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்காதீர்கள், பசியை அடைத்துவிடும். பால் சேராதவர்களுக்குப் பால் சர்க்கரையைப் பெரும்பாலும் நீக்கிய ஐசோலேட் வகை பரவாயில்லை.

ஆட்டுக்கால் சூப்

காலுக்குக் கால் என்ற கணக்கு. சூடாக, மிளகோடு, சாப்பிட நன்றாக இருக்கும், பசியையும் தூண்டும். ஆனால் எலும்பிலிருந்து சூப்பில் இறங்குவது பெரும்பாலும் ஜெலட்டின். அதில் டிரிப்டோஃபேன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலமே கிடையாது, லியூசினும் சொற்பம். தசை கட்ட உதவாத புரதம். கொலாஜன் பவுடர் என்று ஆயிரக்கணக்கில் விற்பதும் இதன் உறவுதான். சூப் குடியுங்கள், ருசிக்காக.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

25 கிராம் புரதத்துக்கு, எங்கள் ஊர் விலையில் தோராயமாக:

| எது | எவ்வளவு வேண்டும் | செலவு | மெல்லும் வேலை | எங்கே இடிக்கும் |
|---|---|---|---|---|
| முட்டை | 4 | 20–28 ரூ. | இல்லை | விரத நாள், சைவ வீடு |
| பால் | 750–800 மி.லி. | 35–50 ரூ. | இல்லை | வயிறு நிறைந்துவிடும் |
| கொழுப்பு நீக்கிய பால் பவுடர் | 70 கிராம் | 30–35 ரூ. | இல்லை | உப்புசம் |
| கொண்டைக்கடலை | 125–130 கிராம் (வேகாதது) | 12–18 ரூ. | உண்டு | வாயு, ஒரே நாளில் முடியாது |
| சோயா உருண்டை | 50 கிராம் | 10–15 ரூ. | கொஞ்சம் | ருசி, தைராய்டு மாத்திரை |
| மெடிக்கல் ஷாப் டப்பா | 2–3 வேளை அளவு | 100 ரூ.க்கு மேல் | இல்லை | சர்க்கரை நோய் |
| வே | 1 ஸ்கூப் | 70–120 ரூ. | இல்லை | விலை, போலி |

எதையும் ஒற்றையாக 25 கிராம் வரை இழுக்க வேண்டியதில்லை. விலையை ஒப்பிட ஒரு பொது அளவு வேண்டுமே என்றுதான் இப்படிப் போட்டேன்.

யார் வீட்டுக்கு எது

முட்டை சாப்பிடுவார், வீட்டில் சமைக்க ஆள் இருக்கிறது என்றால் காலையில் இரண்டு முட்டை, விரத நாளில் அடை. இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். சுத்த சைவம் என்றால் காலையில் அடை அல்லது பருப்பு தூக்கலான பொங்கல், சாயங்காலம் சுண்டல், ராத்திரிப் பாலில் பால் பவுடர். பல் செட் பொருந்தாமல் எல்லாவற்றையும் ஒதுக்குபவருக்குப் பொட்டுக்கடலை மாவும் பனீரும், அதோடு பல் டாக்டரிடம் ஒரு நடை. பிள்ளைகள் வெளியூரில், தனியாக இருக்கும் பெரியவர், சமையல் சுருங்கிப்போய்விட்டது என்றால் அவருக்கு வே அரை ஸ்கூப் நான் ஆதரிப்பேன். டப்பாவைத் திறந்து கலக்குவதாவது நடக்கும்.

மூன்று பேர் டாக்டரைக் கேட்காமல் எதையும் கூட்டக் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்கள் முதலில். டயாலிசிஸ் தொடங்காத நிலையில், வடிகட்டும் அளவு 30-க்குக் கீழே போனவர்களுக்குப் புரதத்தைக் குறைக்கத்தான் சொல்வார்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: சிறுநீரகத்தைச் சோதிக்க ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை வற்றியவருக்கு அது இயல்பாகவே குறைவாக இருக்கும், சிறுநீரகம் கெட்டிருந்தாலும் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று காட்டலாம். அதனால் கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்க்காமல் இ.ஜி.எஃப்.ஆர். (மேலே சொன்ன வடிகட்டும் அளவு) எவ்வளவு என்று கேளுங்கள், சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் பத்துப் பதினைந்து வருடமாக இருப்பவர்களுக்கு இது கட்டாயம். இரண்டாவது, பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோப்பா எடுப்பவர்கள். புரதம் அந்த மாத்திரையோடு போட்டி போடும், நேரம் மாற்றிக்கொடுக்க வேண்டும். மூன்றாவது, கல்லீரல் நோயாளிகள். அவர்களுக்குப் பெரும்பாலும் புரதம் கூடத்தான் வேண்டும், ஆனால் அளவு அவர்களுடைய டாக்டர் சொல்வது.

வைட்டமின் டி பற்றியும் கேட்பார்கள். குறைவு என்று ரத்தப் பரிசோதனை சொன்னால் எடுங்கள். வாரம் ஒன்று என எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த 60,000 யூனிட் மாத்திரையை வருடக்கணக்கில் தாங்களாகவே வாங்கிப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அளவு மீறினால் தடுக்கி விழுவது கூடியதாக ஆய்வு இருக்கிறது.

நாற்காலிக்குத் திரும்பி வருவோம்

இவ்வளவு கணக்கும் போட்டபின் நான் படித்த ஒன்று என் முகத்தில் தண்ணீர் தெளித்தது. 1994-இல் பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த 100 பேரை வைத்து ஓர் ஆய்வு, சராசரி வயது 87. சிலருக்குப் பளு தூக்கும் பயிற்சி, சிலருக்குச் சத்து பானம் மட்டும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பத்து வாரம். பயிற்சி செய்தவர்களின் தசை வலு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலவீனம் குறையவே இல்லை.

அப்படியென்றால் மேலே போட்ட அட்டவணையில் இல்லாத, விலையே இல்லாத ஒரு வரிசைதான் முதலில் வர வேண்டும். நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் தொடைக்கு அது போதாது. அம்மாவுக்குப் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் காட்டிக் கொடுத்தது இதுதான்: சாப்பாட்டு நாற்காலியில் எட்டு முறை எழுந்து உட்கார்வது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தோள்வரை மடக்குவது. வாரத்துக்கு மூன்று நாள். கடைசி இரண்டு தடவை முக்கி எழ வேண்டும், சுலபமாக இருந்தால் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். மூட்டு வலிக்குத் தலையணை ஒன்றைப் போட்டு நாற்காலியை உயர்த்தினோம், இரண்டு மாதத்தில் தலையணை போயிற்று.

பாட்டில் தூக்க அம்மாவுக்கு வெட்கம். "யாராச்சும் பாத்தா சிரிப்பாங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார். எட்டு மணி சீரியலுக்கு நடுவில் விளம்பரம் போடும்போது எழுந்து உட்கார்வது என்று பேசிவைத்தபின் அதுவே பழக்கமாகிவிட்டது. சேனல்காரர்கள் புண்ணியத்தில் விளம்பர இடைவேளைக்குப் பஞ்சமில்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஓடுவது: ஞாயிறு, திங்கள், புதன், வியாழன் காலையில் இட்லியோடு இரண்டு முட்டை. மற்ற நாளில் அடை. மதியம் சாம்பாரின் அடியிலிருந்து பருப்பைக் கலக்கி ஊற்றுவது, கூட ஒரு கிண்ணம் தயிர். சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் அரைக் கிண்ணம் சுண்டல். ராத்திரி தோசை, பால் பவுடர் கலந்த பால். 60-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, ராத்திரி வேளை மட்டும் இன்னும் கொஞ்சம் இளைத்துத்தான் இருக்கிறது. கூடுதல் செலவு நாளைக்கு முப்பது ரூபாய் சுமார். வே டப்பா வாங்கவில்லை. தம்பி மகனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

நாலு மாதம் கழித்து அதே நாற்காலியில் 13 நொடி. வளையல் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. புரட்டாசிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, அடைக்குப் பருப்பு இப்போதே கூடுதலாக வாங்கிவைத்திருக்கிறேன்.